துவைத்த சட்டை

கிரே தெருவில் மூன்றாம் மாடி.
கீழே மெத்தைக் கடை, தவணைக்குத் தருவான்.
மின்தூக்கி ஓடவில்லை.
என் மகனால் படி ஏற முடியாது என்று
போனிலேயே சொல்லியிருக்க வேண்டும்.
பதினெட்டு வயது. நாலு படிக்கு ஒருமுறை நின்றான்.

வக்கீல் நொகுலுங்கா செலே
நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டாள்.
“முதலில் தண்ணீர் குடி” என்றாள்.
“அளந்துதான் குடிக்கணும்” என்றான் கெவேஷன்,
“ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்.”
அதையும் எழுதிக்கொண்டாள்.

விடுதியில் சேர்ந்த நாலாம் ராத்திரி.
புதுப் பையன்கள் பதினோரு பேர்.
சைக்கிள் நிறுத்தும் அறை, வெளியே பூட்டு.
உட்கார், எழு, உட்கார், எழு,
எண்ணிக்கை தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து.
விடிகிற நேரம் மூத்திரம்
ரூய்போஸ் தேநீர் நிறத்தில் போயிருக்கிறது.
எனக்குத் தெரிந்தது நாலு நாள் கழித்து,
அதுவும் டாக்டர் கேட்டதால்.

கல்லூரியின் கடிதம் மூன்று பத்தி.
மரபு என்று இரண்டு இடத்தில்,
விருப்பத்தோடு என்று மூன்று இடத்தில்.
என் மகன் பெயர் ஒரே ஒரு இடத்தில்,
எழுத்துப் பிழையோடு.
பின்னால் இணைத்திருந்தார்கள்
அவன் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாள்.

அதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர்
“கேஸ் வேண்டாம் விடு” என்று
பஸ் ஓட்டப் போய்விட்டார்.
செலே தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.
பேனா யாருடையது?
அப்போது மணி என்ன?
சாவி யார் பாக்கெட்டில் இருந்தது?
ஒவ்வொன்றுக்கும் கெவேஷன் ஷூவைப் பார்த்துப் பதில் சொன்னான்.
சாவிக்கு மட்டும் நிமிர்ந்தான்.

பிறகு என்னிடம்:
“அன்று போட்டிருந்த துணி இருக்கிறதா?”

இருந்தது. பையில் கொண்டுவந்திருந்தேன்.
இரண்டு முறை ஊறவைத்து, வினிகர் விட்டு,
சாட்ஸ்வொர்த் வெயிலில் ஒரு முழுநாள் காயப்போட்டு,
காலர் மடியாமல் இஸ்திரி போட்டு.
பிள்ளை திரும்பப் போட்டுக்கொள்வான் அல்லவா என்று.
மேசையில் வைத்தபோது
ரோஜா வாசனை வந்தது, துணிக்குப் போடும் திரவம்.
அப்போதுதான் உறைத்தது எனக்கு.
சான்றை என் கையாலேயே அலசி
சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

அவள் திட்டவில்லை.
“துவைக்கும் முன் என்ன நாற்றம்?”

சிவப்புத் தரை மெழுகு, என்றேன்.
மீன் எண்ணெய்.
அதற்கு அடியில் இன்னொன்று,
எரிந்த ரப்பர் மாதிரி.

பேனா நின்றது.
“நாளைக்குக் கூப்பிடுகிறேன்.”
கட்டணம் கேட்டேன்.
ஜெயித்தால் காலில் ஒரு பங்குக்கு மேல் இல்லை,
தோற்றால் ஒன்றும் இல்லை என்றாள்.
காலில் என்றதும் கெவேஷன் தன் காலைப் பார்த்தான்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும்.
ஆறு வாரத்தில் முதல்முறை.

மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டாள்.
போன செவ்வாய் மதுபாதுபாவிலிருந்து ஒரு அம்மா
அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம்.
அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன் என்றாள்.
அவரும் துவைத்திருக்கிறார்,
பச்சைச் சோப்புக்கட்டியில், பிளாஸ்டிக் தொட்டியில்.
அவரும் அதற்காக அழுதிருக்கிறார்.
ஸூலுவில் சொன்ன நாற்றம்:
தரை மெழுகு, மீன், எரிந்த டயர்.

“உங்கள் இரண்டு பேருக்கும் அறிமுகம் உண்டா?”
இல்லை.
“நல்லது. அதுவே வேண்டும்.”

என் பிரமாணப் பத்திரத்தில் பதினாலாம் பத்தி:
சட்டையை நான் துவைத்தேன்.
போலீஸ் நிலையத்தில் முத்திரை குத்தியவர்
அந்த வரியில் நின்று என்னைப் பார்த்தார்.
படித்து முடியுங்கள் என்றேன்.

பதினோரு பையன்கள். இன்னும் ஒன்பது சட்டை.
எந்த ஊரில், எந்தக் கொடியில் காய்கிறதோ.
கெவேஷன் நினைவிலிருந்து நாலு எண் எழுதித் தந்தான்.
முதல் எண் அடிக்கிறது.
எடுத்தால் எதை முதலில் கேட்பது,
நாற்றத்தையா,
பிள்ளை எப்படி இருக்கிறான் என்றா.